இழப்பீட்டுக்குப் பிறகு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலை விபத்து பற்றிய செய்தி எதுவாயினும் அதன் கடைசி வரி பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகையோடு முடிந்துவிடுகிறது. விரல் போனவர், கால் போனவர், பார்வை குன்றியவர் ஆகியோருக்கு மீதிப் பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர்களில் எத்தனை பேர் மறுபடியும் பழைய நிறுவனத்துக்குள் வேலைக்குப் போனார்கள் என்பதை எந்த அலுவலகமும் கேட்டுப் பதிவு செய்து நான் பார்த்ததில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், விடுபட்டுப்போகும் அந்தப் பகுதியைப் பற்றியே இக்கடிதம்.

எங்கள் பகுதியில் அடிக்கடி நடப்பது, தகட்டை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரமான பவர் பிரஸ்சில் நேரும் விபத்து. தகட்டை டை என்ற அச்சின் மேல் வைத்துக் கையை எடுப்பதற்குள் மேல்பகுதி இறங்கிவிடும். இரண்டு கைகளாலும் ஒருசேரப் பொத்தான்களை அழுத்தினால்தான் இயந்திரம் ஓட வேண்டும் என்ற அமைப்பு இருந்தாலும், எண்ணிக்கை குறைகிறதென்று அதை முடக்கிவிட்டுக் கால் பெடலில் ஓட்டும் வழக்கம் சிறு பட்டறைகளில் இன்னும் ஒழியவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் முழுதாக இழந்த ஒரு பிரஸ் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். இழப்பீட்டு அட்டவணைப்படி ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் 20 சதவீதம். ஆக, சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதத்தை அவர் இழந்தவராகிறார். சராசரி நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சிகிச்சைக் காலத்தில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் அதில் 90 சதவீதமாகிய 450 ரூபாயைத் தரும். காயம் ஆறி, மெடிக்கல் போர்டு முடிவு சொன்ன பிறகு, அந்த 450-இல் 20 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 90 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 2,700 ரூபாய், ஆயுள் முழுவதும் வரும். இந்தக் கணக்கை எந்தக் குமாஸ்தாவும் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார். ஆனால் 20 சதவீதம் போனது என்றால் 80 சதவீதம் மிச்சமிருக்கிறது என்பதுதானே பொருள்? அந்த 80-ஐ வைத்துக்கொண்டு அவர் எந்த இடத்தில், எந்த வேலையில், என்றைக்கு வந்து நிற்பார் என்பதை முடிவு செய்ய அட்டவணையும் இல்லை, அதற்கென்று ஓர் அதிகாரியும் இல்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், சிகிச்சை முடிந்ததும் இ.எஸ்.ஐ. மருத்துவர் 'ஃபைனல்' எழுதிவிடுகிறார். இன்ன தேதியிலிருந்து வேலைக்குத் தகுதியானவர் என்பதே அந்தச் சான்றிதழின் சாரம். அதை எடுத்துக்கொண்டு தொழிலாளி டைம் ஆபீசுக்கு வருகிறார். அங்கிருந்து பிரிவுக்கு அனுப்புகிறார்கள். ஃபோர்மேன் அவருடைய கையைப் பார்க்கிறார், பிரஸ்சைப் பார்க்கிறார், "முழுசா குணமாகிட்டு வாப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். போன விரல் எப்படிக் குணமாகும் என்று அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை. சான்றிதழ் தகுதி என்று சொல்லிவிட்டதால் இ.எஸ்.ஐ. பணம் நின்றுவிடுகிறது; வேலை தராததால் சம்பளமும் இல்லை. மெடிக்கல் போர்டு கூடி நிரந்தர ஊனத்தைத் தீர்மானிக்கும் வரையில் இரண்டுக்கும் நடுவில் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிடுகிறது. சில மாதங்கள் 'லாஸ் ஆஃப் பே' என்று பதிவேட்டில் ஓடும். பிறகு ஒரு நாள் அழைத்து, ஒரு தொகையைச் சொல்லி, விருப்ப ராஜினாமா என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். எவரும் அவரை வேலையை விட்டு நீக்கியதாகக் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது.

உண்மையில் அவருக்கு வேலை இல்லையா? பிரஸ் பிரிவுக்குப் பக்கத்திலேயே தர ஆய்வு மேசை இருக்கிறது. வெர்னியரைப் பிடித்து அளப்பதற்கு அவருக்குச் சிரமமாக இருக்கலாம். ஆனால் டயல் கேஜை ஒரு ஸ்டாண்டில் பொருத்திவிட்டால், இடது கையால் உதிரியை அதன் அடியில் நகர்த்தி முள்ளைப் பார்த்தால் போதும். துளை சரியா தவறா என்பதைச் சொல்லும் 'கோ, நோ-கோ' கேஜுக்கு ஒரு கையே தாராளம். பல ஆண்டுகள் பிரஸ்சில் நின்றவருக்கு, எந்த டை தேய்ந்தால் எந்த ஓரத்தில் பிசிறு வரும் என்பது புதிதாகச் சேரும் டிப்ளமோ பையனைவிட நன்றாகத் தெரியும். ஒரு ஸ்டாண்டும், மேசையின் உயரத்தில் சிறு மாற்றமும், முதல் இரண்டு மாதங்களுக்குப் பிசியோதெரபிக்குப் போய்வர வாரத்தில் சில மணி நேர அனுமதியும், இரவு ஷிப்டிலிருந்து விலக்கும் கொடுத்தால் அவர் மீண்டும் ஒரு முழு ஆள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசும் நியாயமான வசதி ஏற்பாடு என்பது பட்டறைத் தளத்தில் இவ்வளவு சாதாரணமான காரியம்தான்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். திரும்ப வேலைக்குச் சேர்ந்தால் இ.எஸ்.ஐ.யின் நிரந்தர ஊனப் பயன் நின்றுவிடும் என்று தொழிலாளர்கள் பலர் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை, வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினாலும் அந்தத் தொகை தொடர்ந்து வரும். நிர்வாகத்தின் தரப்பிலோ, "உனக்குத்தான் மாதாமாதம் பென்ஷன் வருதே, அப்புறம் எதுக்கு வேலை?" என்ற கேள்வி வரும். இதற்கு உச்ச நீதிமன்றமே 2003-இல் குணால் சிங் வழக்கில் விடை சொல்லிவிட்டது. மத்திய அரசின் ஸ்பெஷல் சர்வீஸ் பீரோவில் (எஸ்.எஸ்.பி.) காவலராகப் பணியாற்றி இடது காலை இழந்த அவருக்கு இயலாமை ஓய்வூதியம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பணிப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பு.

ஆனால் குணால் சிங் அரசுப் பணியில் இருந்தவர். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாக ஆன ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும், அப்படிப் பணியிடம் இல்லையென்றால் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தெளிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. அங்கேயும் அது தானாகக் கைக்கு வருவதில்லை என்பதற்கு, மாற்றுப் பணி கேட்டு அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறிய ஏராளமான வழக்குகளே சாட்சி. எனினும் வழக்குப் போட அவர்களுக்கு ஒரு பிரிவாவது இருக்கிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் தனியார் பட்டறைகளில் நிற்பவர்களுக்கு அதுவும் இல்லை. தொழில் தகராறு சட்டமோ, தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நீக்குவதை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருந்தது.

தனியார் நிறுவனங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும். அந்தக் கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் அடுக்குகின்றன: பணியிடங்களின் பட்டியல், தேர்வு முறை, பயிற்சி, உதவிக் கருவிகள், தடையற்ற கட்டட அமைப்பு. எல்லாம் புதிதாக வேலைக்கு வருபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஏற்கெனவே உள்ளே இருந்து, ஒரு காலை ஷிப்டில் மாற்றுத்திறனாளியாகிவிட்டவரை எப்படித் திரும்ப அழைப்பது என்பதற்கு அங்கே தனியாக ஒரு வரி கிடையாது. பல நிறுவனங்களின் கொள்கை ஆவணம் இணையத்திலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியதாகவே இருக்கிறது. சட்டத்தை மீறினால் முதன்முறை அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஒரு டையைத் தீட்டி வாங்கும் செலவுகூட அதைவிட அதிகமாக இருக்கலாம்.

விபத்தை மட்டும் பேசுவதும் போதாது. நாற்பது வயதுக்கு மேல் தொழிலாளர்களை வேலையிலிருந்து அப்புறப்படுத்துவது பெரும்பாலும் நோய்தான். சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸில் இருப்பவர், மற்ற நாள்களில் ஸ்டோர் கணக்கைப் பார்க்க முடியும். ஆனால் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 வகை மாற்றுத்திறன்களில் சிறுநீரகச் செயலிழப்பும் இல்லை, புற்றுநோயும் இல்லை. மனநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து மீண்டு வருபவரிடம் மேற்பார்வையாளர் காட்டும் அச்சமும் சக ஊழியர்களின் கேலியும் கைவிரல் போனவருக்கு நேர்வதைவிடக் கொடியவை. அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் கருவி எதுவும் அல்ல. ஷிப்ட் மாறாத நேரமும், மருந்து உட்கொள்ளும் முதல் மாதங்களில் வேகத்தைப் பற்றிக் கேள்வி கேட்காத ஒரு மேலாளரும்தான்.

நான் முன்வைப்பது ஒரு சிறு கோரிக்கை. மருத்துவரின் சான்றிதழில் தகுதி, தகுதியில்லை என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். பிரிட்டனில் 2010 முதல் வழங்கப்படும் சான்றிதழில் இப்படி ஓர் இடம் இருக்கிறது. பின்வரும் மாற்றங்களைச் செய்தால் இவர் வேலைக்குத் தகுதியாகலாம் என்று மருத்துவர் குறித்து, படிப்படியாகத் திரும்புதல், வேலை நேர மாற்றம், பணி மாற்றம், பணியிட மாற்றியமைப்பு ஆகிய நான்கில் எது தேவை என்று அடையாளமிடலாம். இதைச் சர்வரோக நிவாரணியாக நான் சொல்லவில்லை. அங்கேயும் மிகப் பெரும்பாலான சான்றிதழ்களில் 'தகுதியில்லை' என்ற பழைய கட்டம்தான் நிரப்பப்படுகிறது. காரணம் எளிது. மருத்துவருக்கு நோயாளியின் கை தெரியும், அவர் நிற்கும் இடம் தெரியாது. நிர்வாகத்துக்கு இடம் தெரியும், கை தெரியாது. இரண்டையும் அறிந்த ஒருவர் நடுவில் இல்லாத வரையில் எந்தப் படிவமும் வெறும் காகிதமே.

அந்த நடு ஆளை மலேசியா நியமித்துக் காட்டியிருக்கிறது. நம்முடைய இ.எஸ்.ஐ.க்கு இணையாக அங்கே இயங்கும் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பு, 2007-இலேயே வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் அலுவலர் மருத்துவமனையிலேயே தொழிலாளியைச் சந்திக்கிறார், மருத்துவரிடம் பேசுகிறார், பணியிடத்துக்கு நேரில் போய் முதலாளியிடமும் பேசுகிறார், பழைய வேலை முடியாதென்றால் அதே நிறுவனத்தில் வேறு வேலை, அதுவும் இல்லையென்றால் வேறு நிறுவனம் என்று வரிசையாக முயல்கிறார். அங்குள்ள தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிலும் இதனால் பயன்பெற்றவர்கள் உண்டு. ஜெர்மனியில், ஓர் ஆண்டில் ஆறு வாரங்களுக்கு மேல் ஒருவர் நோய் விடுப்பில் இருந்தால், திரும்பி வருவதற்கான ஏற்பாட்டைப் பற்றிப் பேச அவரை அழைக்க வேண்டியது முதலாளியின் கடமை. வருவதும் மறுப்பதும் தொழிலாளியின் விருப்பம்.

நமக்கு இது சட்டத்துக்குப் புறம்பான புதுமையும் அல்ல. இ.எஸ்.ஐ. திட்டத்தைத் தோற்றுவித்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவே, காயமடைந்த தொழிலாளர்களின் மறுவாழ்வுக்கும் மறுவேலைக்கும் கழகம் செலவு செய்யலாம் என்று அனுமதித்தது. 2007-இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, வேலையைத் தக்கவைத்தலையும் வேலைக்குத் திரும்பும் திட்டங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இருப்பதெல்லாம் கழகம் வழங்கும் தொழில் மறுவாழ்வுப் பயிற்சி. அதற்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமும் 45 வயதைத் தாண்டாத வயதும் நிபந்தனை. நான் மேலே சொன்ன, 20 சதவீதம் இழந்த பிரஸ் ஆபரேட்டர் அந்த வாசலுக்குள்ளேயே நுழைய முடியாது. நிறைய இழந்தால்தான் உதவி என்றால், கொஞ்சம் இழந்தவருக்கு வேலையும் போக வேண்டுமா?

முடியுமா என்று கேட்பவர்களுக்கு வேலூரைச் சொல்வேன். சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அறுவைச் சிகிச்சை செய்பவர் நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும் என்று அன்றைக்கு யாரேனும் சான்றிதழ் எழுதியிருந்தால் அவருடைய மருத்துவ வாழ்வு அத்தோடு முடிந்திருக்கும். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதால், தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அவர் சக்கர நாற்காலியிலிருந்து அறுவைச் சிகிச்சை செய்தார்; பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தை வழிநடத்தினார். அவருடைய மன உறுதியைப் பாராட்டுவது எளிது. வேலையின் எந்தப் பகுதியை உட்கார்ந்து செய்ய முடியும் என்று உடனிருந்த மருத்துவர்கள் யோசித்தார்களே, அதைத்தான் நம் நிர்வாகங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலாளிகளின் தயக்கத்தை முற்றிலும் அநியாயம் என்று தள்ளிவிட மாட்டேன். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒருவரை மேசைக்கு மாற்றினால் இன்னொருவரைப் பிரஸ்சுக்குத் தேட வேண்டும். குழுவாக ஊக்கத்தொகை தரும் இடங்களில், மெதுவாக வேலை செய்பவரால் தங்கள் தொகை குறைகிறது என்று சக தொழிலாளர்களே முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். சங்கங்களும் பெரும்பாலும் செட்டில்மென்ட் தொகையை உயர்த்திப் பேசுவதையே வெற்றியாகக் கருதுகின்றன. அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி வாயில் கூட்டம் நடத்துவது அபூர்வம். ஆகவே திரும்பி வருபவரை முதல் ஆறு மாதங்களுக்குக் குழுக் கணக்கிலிருந்து விலக்கி வைப்பதும், அந்தக் காலத்துச் சம்பளத்தில் ஒரு பகுதியை இ.எஸ்.ஐ. ஏற்பதும் சிறு பட்டறைகளுக்கு நியாயமான உதவியாக இருக்கும். மாற்றுத்திறனாளிகளை வேலையில் வைத்திருக்கும் தனியாருக்கு ஊக்கம் அளிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு சொல்வது இதற்கெல்லாம் இடம் தருகிறது.

மிகவும் கவலைக்குரியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிரந்தரத் தொழிலாளியைத் திருப்பி அனுப்பவாவது ஒரு டைம் ஆபீஸ் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் இடத்தில் மறுநாள் காலை வேறொருவரை கான்ட்ராக்டர் நிறுத்திவிடுவார். காயம்பட்டவர் ஊருக்குப் போய்விட்டார் என்பதோடு கோப்பு மூடப்படும். அவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருந்தால் மெடிக்கல் போர்டின் முன் நிற்பதற்குக்கூடத் திரும்பி வருவாரா என்பது சந்தேகம். இ.எஸ்.ஐ. சந்தா செலுத்துவதில் முதன்மை முதலாளிக்கு எப்படிப் பொறுப்பு இருக்கிறதோ, அதேபோல் திரும்ப வேலை தருவதிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆபத்தான இயந்திரங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்துவதே நிர்வாகங்களுக்கு லாபமாகத் தொடரும்.

உரிமை இருப்பதை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை யாருடையது என்பதையும் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்திருக்கிறது. பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்து 1994-இல் முழுவதுமாகப் பார்வையிழந்த பகவான் தாஸ், தம்மை ஓய்வில் அனுப்பிவிட்டு மனைவிக்கு வேலை தரும்படி எழுதிக்கொடுத்தார். வாரியம் அதை விருப்ப ஓய்வாக எடுத்துக்கொண்டது. தமக்குப் பணிப் பாதுகாப்பு உண்டு என்பதே தெரியாத ஒருவர் எழுதிய கடிதம் அது. சட்ட நிலையை அவருக்கு விளக்கியிருக்க வேண்டியது மேலதிகாரிகளின் கடமை என்று 2008-இல் நீதிமன்றம் கூறி, அவரைப் பணியில் தொடர்ந்தவராகவே கருத உத்தரவிட்டது. நம் பட்டறைகளில் எழுதி வாங்கப்படும் விருப்ப ராஜினாமாக்களை இந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் தொழிலாளர் துறை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

சான்றிதழ்ப் படிவம் மத்தியக் கழகத்தினுடையது. அதை மாற்ற நாளாகும். ஆனால் தமிழ்நாட்டின் இ.எஸ்.ஐ. மருந்தகங்களையும் அயனாவரம் போன்ற மருத்துவமனைகளையும் நடத்துவது மாநில அரசு. இவருடைய பழைய வேலை எது, அதில் இப்போது எதைச் செய்ய முடியாது, எதைச் செய்ய முடியும், எத்தனை வாரங்களுக்கு என்ன மாற்றம் தேவை என்று கேட்கும் ஒரு பக்க இணைப்புத் தாளைத் தமிழில் அச்சிட்டு, ஃபைனல் எழுதும்போது சேர்த்து வழங்கும்படி அரசு நாளைக்கே உத்தரவிடலாம். அதன் ஒரு படி நிறுவனத்துக்கும், மற்றொன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், மூன்றாவது தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும். நிறுவனம் மறுத்தால் காரணத்தை அந்தத் தாளிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். சங்கப் பிரதிநிதிகளும் முதலாளிகள் தரப்புப் பிரதிநிதிகளும் ஒருசேர அமரும் இ.எஸ்.ஐ. மண்டல வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் இது விவாதப் பொருளாக வைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் பிரிவு அலுவலர்,
அம்பத்தூர், சென்னை.